ஹாலுக்கு விரிப்பும் சோபாவும்: ராமநாதபுரம் கடற்கரை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புது வீட்டுக்குப் பால் காய்ச்சியவர்களும் பழைய வீட்டை மாற்றிப் பார்க்க நினைப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொண்டியில் கேட்பதைத்தான் ஏர்வாடியிலும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் அடி, அங்குலக் கணக்கில். கடையிலும் விரிப்பு அப்படித்தான் விற்கிறது.

1. நாங்க கடலோரத்துல இருக்கோம். கார்பெட் போடலாமா, கூடாதா?

போடலாம். ஆனால் மதுரைக்காரர் வாங்குவதையே நீங்களும் வாங்கினால் இரண்டு மழைக்காலம் தாங்காது. காரணம் உப்பு. காற்றில் வரும் உப்பு விரிப்பின் நூலில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து ஈரமாகிவிடும். உப்பு ஜாடியில் கல் உப்பு கசிவது இதனால்தான். நம் கடற்கரையில் ராத்திரி நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அதனால் யாரும் தண்ணீர் கொட்டாமலேயே விரிப்பு நமுத்துப் போகும்.

ஆகவே வாங்கும்முன் பார்க்க வேண்டியது நிறத்தையோ டிசைனையோ அல்ல. வீட்டில் இருக்கும் இரண்டு பேர் அதைச் சுருட்டி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயப்போட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்த விரிப்பு உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கீழே வரும் பாதி பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

2. எந்த மெட்டீரியல் இங்க தாங்கும்? கடைக்காரர் எல்லாத்தையும் நல்லதுன்னுதான் சொல்றார்.

எங்கள் முதல் தேர்வு பருத்தி ஜமக்காளம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் முழுக்கப் பருத்தி நூலில் நெய்த பட்டைக் கோடு வகையும் உண்டு, செயற்கைப் பட்டு நூல் சேர்த்த பளபளப்பு வகையும் உண்டு. ஹாலில் தினமும் மிதிபட முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள். 6-க்கு 9 அடி ஜமக்காளம் தூக்கக்கூடிய எடைதான். வீட்டிலேயே துவைக்கலாம், வெயில் இருந்தால் ஒரே நாளில் காயும். மெல்லியதாக இருப்பதால் நழுவும், சுருங்கும். அதற்கு வழி 11ஆம் கேள்வியில் இருக்கிறது.

இரண்டாவது பாலிபுரொப்பிலீன். கடையில் 'பிபி' என்பார்கள். இந்த நூல் தண்ணீரைக் குடிக்காது, பூஞ்சைக்கும் இடம் கொடுக்காது. நேர் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் மட்டும் நூல் நொறுங்கும், சூடு பட்டால் உருகும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை ரப்பர் பால் பூசியதுபோல இருந்தால் வேண்டாம். அந்த லேடெக்ஸ் பூச்சு நம் வெக்கையில் சில வருடங்களில் மாவாக உதிரும், அதுவரை அடியில் ஈரத்தையும் அடைத்து வைத்திருக்கும். நெசவு வெளியே தெரியும் அடிப்பக்கம் உள்ளதே நல்லது.

சணல் பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை இழுக்கும், நனைந்தால் பழுப்புக் கறை விழும். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ராமநாதபுரம், உச்சிப்புளி வீடுகளில் மாடி ஹாலுக்குச் சரி. பாம்பனில் தரைத்தளத்துக்கு வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். அதுதான் அதன் ஆபத்து, பூச்சியும் அரிக்கும். கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது விஸ்கோஸ். 'ஆர்ட் சில்க்' என்ற பெயரிலும் விற்பார்கள். நனைந்தால் அதன் நூல் பலமிழக்கும், துடைத்த இடம் மஞ்சளாகும்.

கோரைப்பாய், பனையோலைப் பாய் இரண்டுமே நம் வெக்கைக்குப் பொருந்தும். ஆனால் சோபா காலுக்கு அடியில் போட்டால் கோரை ஒடியும். அவற்றை விரித்து, உட்கார்ந்து, சுருட்டி நிறுத்தும் விரிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

3. சைஸை எப்படிக் கணக்குப் போடுறது?

அறையை அளந்து விரிப்பு வாங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. சோபாவை அளக்க வேண்டும். விரிப்பு சோபாவின் இரு முனைகளிலும் குறைந்தது 6 அங்குலம், முடிந்தால் 1 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று பேர் சோபா சாதாரணமாக 6½ முதல் 7 அடி வரும். அதற்கு 9 அடி நீள விரிப்பு சரியாக உட்காரும்.

அகலத்துக்கு இப்படிக் கூட்டுங்கள். சோபாவின் முன்கால் ஏறுவதற்கு 8 அங்குலம், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 16, டீப்பாய் 24, அதற்கப்பால் 16, எதிர் நாற்காலியின் முன்கால் ஏற 8. மொத்தம் 72 அங்குலம், அதாவது 6 அடி. 6-க்கு 9 அளவு பல ஹால்களுக்குப் பொருந்துவது இப்படித்தான். டீப்பாய் இடைவெளி 14 அங்குலத்துக்குக் கீழே போனால் முழங்கால் இடிக்கும். 18-ஐத் தாண்டினால் டம்ளர் எடுக்க எழுந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டோ, பழைய செய்தித்தாளை ஒட்டியோ அந்த அளவை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். கதவு திறக்கும் வழியில் வருகிறதா என்று தெரிந்துவிடும். கதவு விரிப்பின் மேல் வந்துதான் ஆக வேண்டும் என்றால், கதவின் அடியில் உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். விரிப்பும் அதன் அடிவலையும் சேர்ந்த தடிமன் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

4. எங்க ஹால் 10-க்கு 12 தான். கார்பெட் போட்டா இன்னும் சின்னதாத் தெரியாதா?

மிகச் சின்ன விரிப்பைப் போட்டால்தான் அப்படித் தெரியும். நடுவில் 3-க்கு 5 அடித் துண்டைப் போட்டு டீப்பாயை மட்டும் அதன்மேல் நிறுத்தினால், சுற்றி இருப்பதெல்லாம் மீந்துபோன இடமாகத் தோன்றும்.

10-க்கு 12 ஹாலில், 12 அடிச் சுவரை ஒட்டி சோபா, எதிரே டிவி என்று வைத்துக்கொள்வோம். ஆழம் 120 அங்குலம். சுவருக்கும் சோபாவுக்கும் இடையில் 3, சோபா 33, சந்து 16, டீப்பாய் 20, டிவி அலமாரி 16. மீதி 32 அங்குலம் நடைபாதையாகக் கிடைக்கும். ஒருவர் தட்டு ஏந்திப் போக 30 அங்குலம் வேண்டும் என்பதால் இது கச்சிதம். சோபாவுக்கு அடியில் 6 அங்குலம் நுழையும்படி 4-க்கு 6 அடி விரிப்பைப் போட்டால் நடைபாதையில் பெரும்பகுதி வெறும் தரையாகவே இருக்கும், கூட்டிப் பெருக்கவும் எளிது. சோபா 7 அடியாக இருந்தால் 6 அடி நீளம் குட்டையாகத் தெரியும். 5-க்கு 7 வாங்கி இரு முனையும் சோபாவோடு சமமாக நிற்கும்படி போடுங்கள். இதில் 'எல்' வடிவ சோபா வேண்டாம். ஒரு கை நடைபாதையை அடைத்துவிடும்.

5. சோபா கால் விரிப்பு மேல இருக்கணுமா, வெளியே இருக்கணுமா?

முன்கால் மேலே, பின்கால் தரையில். இதில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் சன்னல் திறந்திருந்தால் ஜமக்காளத்தின் ஓரம் படபடவென்று எழும்பும். காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளிலாவது கனமான காலின் அழுத்தம் இருந்தால் எழும்பாது. நான்கு காலையும் ஏற்றிவிட்டால் விரிப்பைத் தூக்கிக் காயப்போட முதலில் சோபாவைத் தூக்க வேண்டியிருக்கும். அப்புறம் யாரும் தூக்கமாட்டார்கள்.

6. சோபாவைச் சுவரோட ஒட்டிப் போட்டா இடம் மிச்சமாகுமே?

3 அங்குலம் விடுங்கள். தரைத்தள வீடுகளில் அஸ்திவாரம் வழியாக ஓதம் ஏறி, சுவரின் அடி 2, 3 அடி உயரத்துக்கு உப்பு பூத்துப் பெயின்ட் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரம் சோபாவின் முதுகுத் துணிக்கும் உள்ளே இருக்கும் பலகைக்கும் போகும். துணியின் பின்பக்கம் கறுப்புப் புள்ளிகள் வந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

காலும் 4 அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். விளக்குமாறு அடியில் போக வேண்டும், காற்றும் போக வேண்டும். தரையோடு ஒட்டிய பெட்டி சோபா, சாமான் வைக்கும் திவான் ஆகியவை ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். செய்யச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றால் பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை கேளுங்கள், அது நீர் தாங்கும் தரம். ஐஎஸ் 303 எம்ஆர் வகை ஓரளவுதான் ஈரம் தாங்கும். பார்ட்டிகிள் போர்டு ஓதம் பட்டால் ஊதிப்போகும். ரெக்சின் சோபா வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பியூ வகைச் செயற்கைத் தோல் நம் வெக்கையிலும் ஈரத்திலும் தானாகவே செதில் செதிலாக உரியும், எவ்வளவு துடைத்தாலும் நிற்காது. துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்ட மர சோபாவே இங்கே நெடுநாள் உழைக்கும்.

7. காத்து நல்லா வர்ற சன்னலுக்கு நேரா சோபா போடலாம்தானே?

எந்தக் கடல் உங்களுடையது என்பதைப் பொறுத்தது. பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. அங்கே வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து தெற்கு, மேற்குச் சன்னல்களில் அப்பும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி எல்லாம் பாக் நீரிணை. அங்கே ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் வடகடல், தென்கடல் இரண்டும் உண்டு. உங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளில் எது முதலில் துருப்பிடித்தது என்று பாருங்கள். உப்பு வரும் பக்கம் அதுதான்.

அந்தச் சன்னலுக்கு நேராகத் துணி சோபாவும் விரிப்பும் வேண்டாம். தேக்குப் பெஞ்சு, பிரம்பு நாற்காலி, பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலி ஆகியவற்றை வையுங்கள். ஈரத்துணியால் ஒரு துடை, போதும். துணி சோபா அந்தக் காற்று பக்கவாட்டில் தடவிப்போகும் சுவரில் இருக்கட்டும். உட்காருபவருக்கும் அதுதான் சுகம், முகத்தில் மணல் அடிக்காது.

8. டிவி எங்க, எவ்வளவு தூரத்துல?

சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், திரையில் வெளிச்சம் அடிக்கும். சன்னல் சுவரும் வேண்டாம், கண் கூசும். பக்கச் சுவரே சரி. 43 அங்குல டிவிக்கு 5½ முதல் 7 அடி, 55 அங்குலத்துக்கு 7 முதல் 9 அடி. திரையின் நடு தரையிலிருந்து சுமார் 3½ அடி உயரம் இருக்கட்டும். ஹோட்டலில் மாட்டுவதுபோல உச்சியில் மாட்டினால் கழுத்து வலிக்கும்.

9. எங்க வீடு ஒடுக்கமா நீளமா இருக்கு. வாசல்ல நின்னா கொல்லை தெரியும். 10-க்கு 20 ஹாலை என்ன பண்றது?

இதை ஒரே அறையாக நினைப்பதால்தான் சிக்கல். முதலில் வாசலிலிருந்து கொல்லை வரை ஆட்கள் நடக்கும் வழியை 3 அடி அகலத்துக்கு ஒரு பக்கச் சுவரோரமாக ஒதுக்குங்கள். அங்கே எதையும் வைக்கக் கூடாது, விரிப்பின் ஓரமும் அதற்குள் வரக் கூடாது. மீதி 7-க்கு 20. அதை இரண்டாகப் பிரித்து, வாசல் பக்கம் 12 அடியில் சோபாவும் விரிப்பும், உள்பக்கம் 8 அடியில் சாப்பாட்டு மேசையோ ஊஞ்சலோ வரட்டும்.

சோபா நீளச் சுவரிலேயே இருக்கட்டும். குறுக்கே போட்டு வழியை மறித்தால் காற்று தடைபடும். இந்த வகை வீட்டுக்கு அந்த நேர்க்காற்றுதான் உயிர். எதிரே இரண்டாவது சோபாவுக்குப் பதிலாக முதுகில்லாத இரண்டு முக்காலிகள் போதும். விருந்தாள் வந்தால் இழுத்துப் போடலாம், இல்லாதபோது டீப்பாய்க்கு அடியில் தள்ளலாம். விரிப்பு 5-க்கு 7. உள்பக்கப் பகுதிக்கு விரிப்பு வேண்டாம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கார்பெட் போடுவது பற்றி 15ஆம் கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

10. சொந்தக்காரங்க வந்தா எல்லாரும் கீழதான் உட்காருவோம். சோபாவே ஹாலை அடைச்சுக்குதே?

அப்படியென்றால் நடுவைக் காலியாக வையுங்கள். கனமான டீப்பாய்க்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சின்ன மேசைகளோ, இரண்டு மோடாக்களோ இருந்தால் ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு 2½ அடி சதுரம் வேண்டும். 6-க்கு 9 விரிப்பின் ஓரமாகச் சுற்றி ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். கீழக்கரைப் பக்கம் சஹன் (பலர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) வைத்துச் சாப்பிடும் வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி 6 அடிக்கு 6 அடியாவது தேவை. அந்த நேரம் நல்ல விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டு, ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் சுப்ரா (சாப்பாட்டு விரிப்பு) போட்டுவிடுங்கள்.

முஸல்லாவை (தொழுகை விரிப்பை) பொது விரிப்போடு சேர்த்து வைக்க வேண்டாம். அதைத் தனியாகக் கொடியில் தொங்கவிட்டால் ஈரமும் ஏறாது, மணலும் சேராது.

11. டைல்ஸ்ல விரிப்பு வழுக்குது. போன வாரம் அம்மா விழப் பார்த்தாங்க.

ஓட்டை ஓட்டையான வலைபோன்ற நழுவாத விரிப்பு கடையில் கிடைக்கும். மேல்விரிப்பைவிட நான்கு பக்கமும் 1 அங்குலம் குறைவாக வெட்டிப் போடுங்கள். வலையாக இருப்பதால் காற்றும் போகும். இரட்டைப்பக்க டேப் ஒட்டாதீர்கள். வெக்கையில் பசை இளகித் தரையோடு பிடித்துக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குஞ்சம் வைத்த விரிப்பும், அரை அங்குலத்துக்கு மேல் தடித்த விரிப்பும் வேண்டாம், கால் தடுக்கும்.

சிவப்பு ரெட் ஆக்சைடு தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் இந்த வலை ஆகாது. ரப்பர், பிவிசி இரண்டுமே நாளடைவில் அந்தத் தரையில் போகாத தடம் பதிக்கும். அங்கே பழைய பருத்திப் போர்வையை அடியில் போட்டு, சோபா காலின் அழுத்தத்தில் நிறுத்துங்கள்.

12. தண்ணி எதுவும் கொட்டல. ஆனா விரிப்பைத் தூக்கினா அடியில ஈரம். எங்கருந்து வருது?

மூன்று இடங்களிலிருந்து வரலாம். கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஒன்றரை அடி சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அந்த இடத்தில் எந்த விரிப்பும் நிரந்தரமாகக் கிடக்கக் கூடாது. பகலில் விரித்து ராத்திரி சுருட்டும் பாய்தான் அங்கே சரி. தாளின் மேல்பக்கம் நனைந்திருந்தால் தரை வேர்க்கிறது. ஏசி ஓடிய அறையின் கதவைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த டைல்ஸில் படிந்துவிடும். ஏசியை நிறுத்திய பிறகு மின்விசிறியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் மூன்றாவது காரணம், அதாவது தரை துடைக்கும் தண்ணீர். போர் தண்ணீரில் துடைத்தால் காய்ந்தபின் தரையில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். அதுவும் உப்புதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தெரியும். அது விரிப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு, முதல் கேள்வியில் சொன்ன வேலையைச் செய்யும். விரிப்பு போடும் இடத்தை மட்டுமாவது குடிதண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் விரியுங்கள்.

13. மாப்பிள்ளை துபாய்ல இருந்து பெரிய கார்பெட் கொண்டுவந்திருக்கார். என்ன ரகம்னே தெரியல. போடலாமா?

முதலில் ரகத்தைக் கண்டுபிடியுங்கள். ஓரத்தில் அடிப்பக்கமாக நாலைந்து இழை பிடுங்கி, வெளியே கொண்டுபோய் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. மெழுகுவத்தி வாசனையோடு உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலிபுரொப்பிலீன். காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது விஸ்கோஸ். இந்த இரண்டையும் பிரிக்க இன்னொரு இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் விஸ்கோஸ்.

பிபி என்றால் தைரியமாகப் போடலாம். 8-க்கு 10 அடியில் கனமான ரகம் 20 கிலோவைத் தாண்டும், எனவே மாடி ஹாலே மேல். அடியில் ஈரம் ஏறாது, மொட்டைமாடியும் பக்கம். கம்பளி என்றால் மாசி முதல் சித்திரை வரை காய்ந்த மாதங்களில் போட்டு, மழைக்கு முன் எடுத்து வைத்துவிடுங்கள். விஸ்கோஸ் என்றால் சுவரில் மாட்டலாம், ஓதம் இல்லாத உள்சுவராகப் பார்த்து. மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

14. துவைச்ச பிறகும் விரிப்பு மொடமொடன்னு இருக்கு. சோப்பு பத்தலையா?

சோப்பு குறைவல்ல, தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் அள்ளிப் போடுவோம். கடைசியில் உப்பும் சோப்பும் இரண்டுமே நூலில் தங்கிவிடும். முதல் இரண்டு அலசல் போர் தண்ணீரில் இருக்கலாம். கடைசி அலசல் மட்டும் காவிரித் தண்ணீரிலோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ இருக்க வேண்டும். 6-க்கு 9 ஜமக்காளத்துக்கு ஐந்தாறு குடம் போதும்.

துவைக்கும் முன் மணலை எடுப்பது அதைவிட முக்கியம். விரிப்பைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்து, மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மேலே சுத்தமாகத் தெரிந்த விரிப்பிலிருந்து தரையில் பொடி மணல் வரி வரியாக விழுந்திருக்கும். அந்த மணல் நூலின் வேரில் இருந்துகொண்டு ஒவ்வொரு மிதிக்கும் அதை அறுக்கிறது. வாரம் ஒரு முறை இப்படித் தட்டினால் விரிப்பின் ஆயுள் நன்றாகவே கூடும். வாசலுக்கு வெளியே தென்னை நார் மிதியடி, உள்ளே பருத்தி மிதியடி என்று இரண்டு வைத்தால் பாதி மணல் அங்கேயே நின்றுவிடும்.

காயப்போடும்போது அடிப்பக்கம் மேலே இருக்கட்டும், நிறம் வெளுக்காது. ஒற்றைக் கயிற்றில் போட்டால் நடுவில் இழுத்துக்கொள்ளும், கைப்பிடிச் சுவர் நல்லது. கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கடலை ஒட்டிய வீட்டு மாடியில் காயப்போட்டால் துவைத்த உப்பு திரும்பி வந்துவிடும்.

15. மீன் குழம்பு கொட்டிருச்சு! உடனே என்ன பண்ணணும்?

தேய்க்காதீர்கள், சோப்புத்தூளும் போடாதீர்கள். சோப்பின் காரத்தன்மை பட்டால் குழம்பிலுள்ள மஞ்சள் சிவக்கும், கறை பரவும். முதலில் கரண்டியால் வழித்து எடுங்கள். வெள்ளைத் துணியால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள். எண்ணெய்க்கு மைதா மாவையோ முகப் பவுடரையோ தூவி அரை மணி நேரம் விட்டுத் தட்டி எடுங்கள். பிறகு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன் கலந்து ஒற்றி, வெறும் தண்ணீரால் மறுபடி ஒற்றுங்கள். மீன் வாடைக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கறை மிச்சம் நிற்கும். அதை வெயில் எடுத்துவிடும், ஓரிரு நாள் வெயில் காட்டினால் மங்கும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம். இத்தனையும் படித்த பிறகு சாப்பாட்டு மேசைக்கு அடியில் கார்பெட் வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

16. இரும்புக் கட்டில், ஸ்டூல் காலால துருக் கறை வட்டமா விழுந்திருக்கு. போகுமா?

பருத்தியாக இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து ஒரு மணி நேரம் வெயிலில் காட்டி நல்ல தண்ணீரில் அலசுங்கள். பழைய கறை மங்கும், முழுக்கப் போகாது. பிளீச்சிங் போட்டால் துரு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். இனி எல்லா இரும்புக் காலுக்கும் பிளாஸ்டிக் புஷ் மாட்டுங்கள். மரச் சாமானின் அடியில் அடித்த ஆணியும் துருப்பிடிக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள்.

17. ஊஞ்சல் இருக்கு. அதுக்கு அடியில விரிப்பு போடலாமா?

கூடாது. காலால் உந்தும் இடம் தேயும், விரிப்பும் சுருண்டு காலில் மாட்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் 3 அடி காலியாக இருக்கட்டும். டீப்பாயின் மூலை அந்தப் பாதையில் வரக் கூடாது, குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக. சங்கிலி சாதா இரும்பு என்றால் கொக்கி உராயும் இடத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஸ்டெயின்லெஸ் வாங்கினால் 304ஐவிட 316 ரகம் உப்புக் காற்றைத் தாங்கும். பித்தளை இருந்தால் அதை விற்காதீர்கள்.

18. தென்மேற்கு மூலையில கனமா வைக்கணும்னு வாஸ்து சொல்றாங்க. எங்களுக்கு அந்தப் பக்கம்தான் கடல்.

இரண்டையும் சமாளிக்கலாம். கனமாக இருக்க வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள், துணியாக இருக்க வேண்டும் என்று இல்லையே. 7ஆம் பதிலில் சொன்ன தேக்குப் பெஞ்சு அங்கே போகட்டும். மெத்தை சோபா எதிர்மூலைக்கு வரட்டும். தென்மேற்கில் துணி சோபாதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கச்சான் மாதங்களில் அந்தச் சன்னலைச் சாயங்காலத்தோடு அடைத்துவிட்டு, உறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைக்கத் தயாராக இருங்கள். மர பீரோவையும் இரும்பு பீரோவையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அந்த மூலையில் இரும்பு பீரோவின் அடித்தகடு முதலில் அரித்துப்போகும்.

19. ஐப்பசி பிறந்தா மக்கின வாசனை வந்துடுது. வேப்பிலை, கற்பூரம் எல்லாம் வச்சுப் பார்த்தாச்சு.

அவை வாசனையை மறைக்கும், பூஞ்சையைத் தடுக்காது. நாப்தலின் உருண்டை குழந்தைகள் தவழும் ஹாலில் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி அவர்களுக்குக் கெடுதல். புரட்டாசியிலேயே, மழை தொடங்கும் முன், ஒரு நல்ல வெயில் நாளில் இரண்டு பக்கமும் காட்டி, சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். பாலிதீனில் சுற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. மடிக்கவும் கூடாது, சுவரில் சாய்க்கவும் கூடாது. தை பிறந்ததும் எடுங்கள். இடைப்பட்ட மாதங்களில் ஹால் வெறிச்சென்று தெரிந்தால் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும், அது நனைந்தாலும் கவலை இல்லை.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்திருந்தால் வீட்டுக்குள் உதறாதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, துவைத்து, முழு வெயிலில் காயவையுங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால் தடித்த முடி கார்பெட் எந்த ரகமானாலும் வேண்டாம், மாதம் ஒருமுறை துவைக்கக்கூடிய ஜமக்காளம் மட்டும். அடியில் லேடெக்ஸ் பூச்சு உதிரத் தொடங்கிய விரிப்பைக் காப்பாற்ற முடியாது. வெட்டி, வண்டி நிறுத்தும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

20. எந்த நிறம் அழுக்கு காட்டாது?

மணல் நிறம் மணலைக் காட்டாது, கறையைக் காட்டும். கறுப்பும் கருநீலமும் உப்புப் படலத்தையும் பஞ்சையும் காட்டும். பல நிறப் பட்டைக் கோடு போட்டது இரண்டையுமே ஓரளவு மறைக்கும். வாங்கும்முன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பு, நீலப் பட்டைகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் சாயம் இறங்கினால், அது உங்கள் வெள்ளை டைல்ஸிலும் இறங்கும்.